தும்மலின் ரத்தம்

"அப்போ இத்தனை வருஷமா நான் வாங்கின சளியெல்லாம் வீண் போகலைன்னு சொல்றீங்களா, டாக்டர்?"

"சளி போயிடுச்சு, அதை விடுங்க. அது விட்டுட்டுப் போன ஞாபகம் உங்க ரத்தத்துல இருக்கு. எங்களுக்கு அந்த ஞாபகம்தான் வேணும்."

"எவ்வளவு இருக்கு?"

"நீங்களே பாருங்களேன்."

டாக்டர் மேசைமேல் இருந்த திரையை அண்ணன் தம்பி இருவர் பக்கமும் திருப்பினார். குள்ளமான, படபடவென்று பேசுகிற பெண்மணி. உட்கார்ந்திருக்கும்போதுகூட எழுந்து ஓடப்போகிறவர் போலவே இருப்பார். திரையில் இரண்டு வட்டங்கள். இடது வட்டம் ஏறக்குறைய வெறுமை, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள் மட்டும். வலது வட்டத்தில் கை நிறையக் கடுகை அள்ளி இறைத்தது போல் புள்ளிக்கு மேல் புள்ளி.

"உங்க அக்காவைப் படுத்தற அந்த வைரஸோட துண்டுகளை உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் கலந்து வெச்சோம். 'ஏய், இவனை எனக்குத் தெரியுமே'ன்னு கோபப்பட்டு எழுந்திருக்கிற அணு ஒவ்வொண்ணும் ஒரு புள்ளி. இது உங்க அண்ணன்." வெறும் வட்டத்தைப் பேனாவால் தட்டினார். "இது நீங்க."

பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் திரைக்குள் தலையை விடப்போகிறவன் போல முன்னால் சாய்ந்தான். "டாக்டர், படம் மாறிப் போயிருக்கும். இவன் வட்டமா இருக்காது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டு தடவை பாத்தாச்சு."

"இவனுக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாதே!"

"எதிர்ப்பு சக்தி இல்லாதவரு இத்தனை தடவை விழுந்து இத்தனை தடவை எழுந்திருக்க மாட்டாரு சார். அவரு உடம்பு தினம் பயிற்சி எடுத்திருக்கு. நீங்க பயிற்சி கொடுக்கிற ஆளுதானே, உங்களுக்குப் புரியணுமே."

பள்ளியில் ஒரு பரிசும் வாங்காதவன் பெயரை மேடையில் முதலாவதாகக் கூப்பிட்டுவிட்டது போல இருந்தது தம்பிக்கு. எழுந்து நிற்பதா, உட்கார்ந்தே இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

வீட்டில் அவனுக்குப் பெயர் தும்மல். பள்ளிப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது, அதை யாரும் கூப்பிட்டதில்லை. எதிர்த் தெருவில் மழை பெய்தால் இங்கே இவனுக்கு மூக்கு ஒழுகும் என்பார் அப்பா. அம்மா அவனுக்காகத் தைத்த கைக்குட்டைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் மாடியிலிருந்து இறங்கித் தப்பித்துப் போய்விடலாம். உலகத்தில் அத்தனை வேலை இருக்க, வளர்ந்து அவன் மழலையர் பள்ளி ஆசிரியரானான். அங்கே பிள்ளைகள் அவன் மடியில் உட்கார்ந்து முகத்துக்கு நேரே தும்மும். கதை சொல்லும்போது அவன் சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொள்ளும். "வேலைக்கா போறே? சளிப் பட்டறைக்குப் போறே" என்று அண்ணன் கேலி செய்வான்.

அண்ணன் நீச்சல் பயிற்சியாளன். காய்ச்சல் என்றால் பிறர் நெற்றியைத் தொட்டுத் தெரிந்துகொண்டதுதான். குளிர்காலத்தில் தண்ணீரில் கிடப்பான், ஈரத்தலையோடு காற்றில் நடப்பான், ஒன்றும் ஆகாது. அந்த உடம்பைப் பார்த்து நோய்களே ஒதுங்கிப் போவதாக அக்கம்பக்கத்தில் பேச்சு. அண்ணனும் அதை மறுத்ததில்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா. வானொலி நாடகங்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. இரண்டு மரக்கிண்ணங்களைத் தட்டிக் குதிரையை ஓட்டுவாள். காகிதப் பையைக் கசக்கிக் காட்டுக்குத் தீ வைப்பாள். தம்பியின் தும்மல் அவளுக்குப் பொக்கிஷம். "உலகத்துல எல்லாரும் தும்முவாங்க. இவன் தும்மலுக்கு மட்டும்தான் மூணு பாகம்" என்பாள். முதலாவது சின்னது, யாரோ கதவைத் தட்டுவது போல. இரண்டாவது அதற்குப் பதில். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் அக்கா எங்கிருந்தாலும் ஒரு விரலை உயர்த்திக் காத்திருப்பாள். மூன்றாவது வந்து சன்னல் கண்ணாடியை அதிர வைக்கும். திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் திருடன், விருந்துக்கு நடுவே மானம் போகும் மந்திரி, எல்லாரும் அவன் மூக்கால்தான் வானொலியில் தும்மினார்கள்.

அந்த அக்காவுக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. சிகிச்சை அவளுடைய பழைய எலும்பு மஜ்ஜையைத் துடைத்தெடுத்தது. அண்ணனின் மஜ்ஜை முழுவதும் பொருந்தியதால் அவன் கொடுத்தான். அது அவளுக்குள் வேர்பிடித்ததும் மூன்று பேரும் தொலைபேசியிலேயே கூத்தாடினார்கள். ஆனால் புது மஜ்ஜை பிறந்த குழந்தை மாதிரி. யார் நல்லவன், யார் திருடன் என்று அதற்கு இன்னும் தெரியாது. அந்த நேரம் பார்த்து, சின்ன வயதிலிருந்து அவள் உடம்பில் எங்கோ ஒரு மூலையில் தூங்கிக் கிடந்த ஒரு வைரஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அடினோ வைரஸ் என்று டாக்டர் சொன்னார். மழலையர் பள்ளியில் அது கண் சிவப்பும் மூக்கொழுகலுமாக வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. அக்காவுக்குள் அது குடலைப் பிடித்தது, சிறுநீர்ப்பையைப் பிடித்தது, இப்போது ஈரலை எட்டிப் பார்க்கிறது. மருந்து கொடுத்தார்கள். மருந்து வைரஸை முறைத்துப் பார்த்த நேரத்தைவிட அவளுடைய சிறுநீரகத்தை முறைத்த நேரம் அதிகம்.

இவ்வளவு நடந்தும் தும்மல் ஒரு நாள்கூட அவள் அறைப் பக்கம் போனதில்லை. சளி உள்ளவர்களுக்கு அந்த மாடியில் இடமில்லை, அவனுக்கோ சளி இல்லாத நாளில்லை. எதிர் நடைபாதையில் சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு, மேலே வரிசையாகத் தெரியும் சன்னல்களில் எது அவளுடையது என்று கணக்குப் போட்டபடி தொலைபேசியில் பேசுவான்.

"நான் அவளுக்குப் பாதிதான் பொருத்தம்னு சொன்னீங்களே" என்றான் இப்போது.

"மஜ்ஜைக்கு முழுசா வேணும். இதுக்குப் பாதி போதும். உங்க ரத்தத்துலேர்ந்து வெள்ளை அணுக்களை எடுப்போம். அதுல இந்த வைரஸைப் பாத்துக் கோபப்படறவங்களை மட்டும் காந்தம் வெச்சுப் பிடிப்போம். மறுநாள் அக்காவுக்கு ஏத்துவோம். சில பேருக்குத் தோல்ல தடிப்பு வரும், அதைக் கண்காணிப்போம். எல்லாருக்கும் பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எனக்கு..." டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "எனக்கு உங்க வட்டத்தைப் பாத்ததிலேர்ந்து உக்கார முடியலை."

"இப்பவே எடுங்க!" தும்மல் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டான்.

"வியாழக்கிழமை. ஆய்வுக்கூடம் அன்னிக்குத்தான் தயாரா இருக்கும். ஒரே ஒரு நிபந்தனை. அன்னிக்கு உங்களுக்குச் சளி, இருமல், காய்ச்சல் எதுவும் இருக்கக் கூடாது. புதுசா ஒண்ணை நாங்களே அவங்களுக்குள்ள கொண்டுபோய் விட முடியாது."

அண்ணன் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாத இடத்தில் வந்த சிரிப்பு, இருமல் மாதிரி உடைந்து நின்றது. "இவனுக்கா? வியாழக்கிழமை வரைக்குமா?"

"தள்ளிப்போட முடியுமான்னு மட்டும் கேக்காதீங்க. அவங்க சிறுநீரகம் தள்ளிப்போட விடாது."

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அண்ணன் தம்பியின் இரண்டு தோள்களையும் பிடித்தான். மாணவனைத் தண்ணீரில் தள்ளுவதற்கு முன் பிடிக்கிற பிடி.

"கேளு. இனிமே நீ மூச்சு விடறதுகூட என்னைக் கேட்டுத்தான்."

அன்று மாலையே தும்மலின் இரண்டறை வீடு கோட்டையானது. அண்ணன் தன் படுக்கையைக் கொண்டுவந்து முன்னறையில் போட்டுக்கொண்டான். உள்ளறை தம்பிக்கு, கதவு சாத்தியே இருக்கும். சாப்பாட்டுத் தட்டைக் கதவருகே ஒரு முக்காலியில் வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டி ஒதுங்கிக்கொள்வான். தட்டு, கரண்டி, டம்ளர் எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் விழுந்து எழும். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரை மாடிப்படியிலேயே நிறுத்தி, "மூக்கைக் காட்டுங்க" என்று கேட்டு அனுப்பிவிட்டான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பது என்று சொல்வார்களே, அண்ணன் பாட்டிலோடு ஊற்றிக்கொண்டிருந்தான்.

தும்மல் பள்ளித் தலைமை ஆசிரியைக்குத் தொலைபேசி செய்து விடுப்புக் கேட்டான். காரணத்தையும் சொன்னான்.

"அப்போ நம்ம பிள்ளைங்க உங்களுக்குக் கொடுத்தது..."

"ஆமா மேடம். என் மேல தும்மின ஒவ்வொருத்தருக்கும் ஒரு பலூன் வாங்கிக் கொடுங்க. நான் வந்து கணக்குத் தீக்கறேன்."

"ஒவ்வொருத்தருக்குமா? கடையையே வாங்கணும் சார்."

சாத்திய அறையில் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பயம் இல்லை, பரபரப்பு. சன்னலோரம் உட்கார்ந்து தன் முழங்கையில் ஓடும் நீல நரம்பைப் பார்ப்பான். அதற்குள் இந்த நிமிஷம் அவர்கள் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தெந்தக் குழந்தையின் தும்மலையோ நினைவில் வைத்துக்கொண்டு, பல வருஷமாக வேலையில்லாமல் சந்து சந்தாகச் சுற்றும் பழைய காவல்காரர்கள். அவர்களுக்கு இன்னும் செய்தி தெரியாது. ஒரு பெரிய நகரத்துக்கு, விளக்கெல்லாம் அணைந்துபோன தெருக்களுக்கு, தங்களை அழைத்துப் போகப்போகிறார்கள் என்று தெரியாது. "தயாரா இருங்கடா" என்று அவன் முழங்கைக்குச் சொன்னான்.

அக்கா கூப்பிட்டாள். குரல் ஈரத் துணி மாதிரி கனத்து, மெலிந்து வந்தது.

"கோட்டை எப்படி இருக்கு?"

"காவல்காரன் சரியில்லக்கா. குறட்டை விடறான்."

"தும்மினியா?"

"ஒண்ணுகூட இல்ல!"

"பொய்."

"நிஜம்க்கா. எனக்கே பயமா இருக்கு. மூக்கு இருக்கான்னு அப்பப்போ தொட்டுப் பாத்துக்கறேன்."

அவள் சிரிக்க முயன்றாள். நடுவில் வலி வந்து சிரிப்பை வெட்டியது. பின்னால் அந்த அறையின் காற்று இயந்திரம் விடாமல் இரைவது கேட்டது. "உன்னோடது எனக்குள்ள வந்தா, நானும் உன்னை மாதிரி ஆயிடுவேனா? எல்லாத்துக்கும் தும்மிக்கிட்டு?"

"ஆனா என்ன? வேலைக்கு உதவும். சம்பளம் கொடுக்காம நீயே தும்மிக்கலாம்."

"நீ எப்பத்தான் சம்பளம் வாங்கினே?"

"அதான் சொல்றேன்."

புதன்கிழமை மாலை வந்துவிட்டது. இன்னும் ஒரு விடியல்தான் பாக்கி. தும்மல் உள்ளறையில் துள்ளிக் குதிக்காத குறையாக நடந்துகொண்டிருந்தான். திடீரென்று நின்றான்.

கருகல் நாற்றம். ரொட்டி கருகுகிறது.

காத்திருந்தான். முன்னறையை ஒட்டிய சமையல் மேடையில்தான் அண்ணன் நின்றிருக்கிறான், கரண்டிச் சத்தம் கேட்கிறது. நாற்றம் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து கண்ணைக் கரித்தது. அண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பாட்டுக்கு நடுவே ஒரு தொண்டைக் கனைப்பு. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

மூக்குக்கு எதிரே ரொட்டி கரியாகிக்கொண்டிருக்க, ஒருவன் பாட்டுப் பாடுகிறான் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தில் தும்மலை மிஞ்சிய ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

"அண்ணே!" கதவைத் திறக்காமலே கத்தினான். "என்ன வாசனை வருது அங்க?"

"என்ன வாசனை? ஒண்ணும் வரலையே."

"ரொட்டியப் பாரு!"

தடதடவென்று சத்தம். "ஐயோ! எப்போ... இது எப்படிடா கருகுச்சு?"

"தொண்டை எப்படி இருக்கு?"

"தொண்டைக்கென்ன? லேசா ஏதோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. தூசி."

"முதுகு?"

"வலிக்குது. தரையில படுக்கறேன்ல."

"கண்ணுக்குப் பின்னாடி கனமா இருக்கா? உள்ளுக்குள்ள யாரோ கட்டைவிரலால அழுத்தற மாதிரி?"

முன்னறையில் கரண்டிச் சத்தம் நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணே, அது சளி."

"உளறாதே. எனக்கு சளியெல்லாம் பிடிக்..."

அந்த வாக்கியம் முடியவில்லை. அண்ணன் தும்மினான். நாற்பது வருஷ வாழ்க்கையின் முதல் தும்மல், எப்படித் தும்முவது என்றே தெரியாத தும்மல். கையில் இருந்த தட்டு கீழே விழுந்து உருண்டு உருண்டு நின்றது. தன்னிடமிருந்து என்ன வெளியே வந்தது என்று புரியாமல் அவன் சுற்றுமுற்றும் பார்ப்பதைக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே தும்மல் பார்த்துவிட்டான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி லிப்டிலோ, நீச்சல் குளத்து உடைமாற்றும் அறையிலோ, எங்கோ ஒட்டிக்கொண்டது. தெரிந்தவனாக இருந்தால் நேற்றே ஒதுங்கியிருப்பான். சளியையே அறியாதவனுக்குச் சளி வந்தது எப்படித் தெரியும்? தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் கொதிக்க வைத்த அதே கையால் அல்லவா எடுத்து வைத்தான்?

"மூக்கை மூடிக்கிட்டு வெளிய போண்ணே. மாடிப்படிக்குப் போ. சன்னலையெல்லாம் திறந்து விட்டுட்டுப் போ." தும்மல் தொலைபேசியை எடுத்தான். "நான் டாக்டரைக் கூப்பிடறேன்."

"வேண்டாண்டா!" அண்ணன் குரல் பிளந்தது. "சொல்லாதே. சொன்னா நிறுத்திடுவாங்க. நீ நல்லாத்தானே இருக்கே? உனக்கு ஒண்ணுமில்லைல? நாளைக்குப் போயிடு. அடுத்த வாரம்னா... டேய், அவளுக்கு அடுத்த வாரம்னு ஒண்ணு இருக்கணுமேடா."

தும்மல் கதவில் நெற்றியை வைத்தான். எச்சிலை விழுங்கிப் பார்த்தான். வலியில்லை. மூச்சை இழுத்தான். சுத்தமாக, பளிங்கு மாதிரி போய் வந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"அவ வீட்டுக்கு விருந்துக்குப் போகலண்ணே. அவளுக்குள்ளேயே போறேன். அங்க திருட்டுத்தனமாப் போக முடியாது."

டாக்டர் முதல் மணியிலேயே எடுத்தார். முழுவதும் கேட்டார். "உடனே கிளம்பி வாங்க. பக்கவாட்டு வாசல். முகமூடி போட்டுக்குங்க. யாரையும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

வாடகைக் காரின் பின்னிருக்கையில் சன்னல்களை இறக்கிவிட்டுக் காற்றில் கண்ணீர் வழிய வழிய அவன் போனான். பக்கவாட்டு வாசலில் ஒரு செவிலி அவன் மூக்குக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு, மூளையைத் தொட்டுவிட்டுத்தான் வருவேன் என்பது போலச் சுழற்றினாள். சோதனைக்குக் குச்சி முன்னே ஓடியது, செவிலி அதன் பின்னே ஓடினாள். அவனை ஒரு தனி அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு கட்டில், கை கழுவும் தொட்டி. அவ்வளவுதான். கட்டிலில் படுத்தவன் எப்போது கண்ணயர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. விடிந்தபோது கதவு இடிபடுகிற மாதிரி திறந்தது.

டாக்டர். அதே ஓடப்போகிற முகம்.

"நேத்து எடுத்தது சுத்தம். இப்போ இன்னொரு தடவை எடுப்போம். அதுவும் சுத்தம்னா..."

"சுத்தம்னா?"

"ஊசிக்குப் பயமா உங்களுக்கு?"

இரண்டாவது குச்சி போன பிறகு வந்த நேரம்தான் நீண்டது. தும்மல் நாற்காலியில் உட்கார்ந்து தன் உடம்பை முழுவதும் சோதனை போட்டான். வீட்டுக்குள் திருடன் இருக்கிறானா என்று அறை அறையாக விளக்கோடு தேடுவது போல, தொண்டை, காது, மூட்டு, முதுகு. எங்கும் யாரும் இல்லை. அப்போது அவனுக்குப் புரிந்தது. அண்ணனுக்கு வந்த அதே சளி இவனைத் தொட்டிருக்கலாம். தொட்டு, "ஓ, நீயா" என்று உள்ளே இருக்கும் பழைய காவல்காரர்களால் வாசலிலேயே விரட்டப்பட்டிருக்கலாம். வகுப்பில் இந்தச் சளி போன மாதமே ஒரு சுற்று வந்து போனதல்லவா! அவன் தனியாகவே சிரித்தான்.

செவிலி தலையை நீட்டினாள். கட்டைவிரலை உயர்த்தினாள்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். சாய்வு நாற்காலி, இரண்டு கைகளிலும் ஊசி, நடுவில் சலவை இயந்திரம் மாதிரி சுற்றும் பெட்டி. ஒரு கையிலிருந்து ரத்தம் குழாய் வழியே உள்ளே போனது, சுற்றியது, வேண்டியதைக் கொடுத்துவிட்டு மற்றக் கை வழியே திரும்பி வந்தது. உதடுகள் மரத்துக் கூசின. செவிலி சுண்ணாம்புச்சத்து மாத்திரையைச் சப்பக் கொடுத்தாள். மேலே தொங்கிய பையில் மெல்ல மெல்ல ஒரு நிறம் சேர்ந்தது. பழுத்த மாதுளையைப் பாலில் கரைத்தது போல.

அப்போதுதான் அவன் மூக்கு நமநமத்தது.

"சிஸ்டர்..."

"என்ன?"

"தும்மல் வருது."

"இப்போ வேண்டாம்! கையை மடக்கினீங்கன்னா ஊசி நகந்துடும்." அவள் ஓடி வந்து அவன் மூக்கின் பாலத்தைக் கையுறை விரலால் அழுத்திப் பிடித்தாள். "வேற எதையாவது நினைங்க."

"வேற... எதை..."

"வாய்ப்பாடு சொல்லுங்க!"

பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே, கண்ணில் நீர் முட்ட, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தும்மல் ஒரு தும்மலை விழுங்கினான். அது மூக்கிலிருந்து இறங்கி நெஞ்சுக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது.

பையை எடுத்துக்கொண்டு போனவள் ஆய்வுக்கூடத்துப் பெண். நீலக் குல்லாய்க்குள் தலைமுடி, கண் மட்டும் தெரிந்தது. இரண்டு கைகளாலும் பையை ஏந்திக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தூக்கிப் போவது போல நடந்தாள். வாசலில் திரும்பிப் பார்த்து, "உங்க வட்டத்தைப் பாத்தவ நான்தான் சார்" என்றாள். "ஏதோ கோளாறுன்னு நினைச்சு இன்னொரு தடவை போட்டேன். ரெண்டாவது தடவையும் அப்படியே வந்தப்போ எழுந்து நின்னுட்டேன்."

மறுநாள் அக்காவுக்குள் போனது என்ன தெரியுமா? ஒரு சின்ன ஊசிக் குழாய். உள்ளே நிறமே இல்லாத, இரண்டு கரண்டிக்குக் காணாத நீர். இதற்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அக்கா கேட்டாளாம். செவிலி சொல்லித்தான் தெரியும்.

பிறகு காத்திருந்தார்கள். தும்மல் பழையபடி எதிர் நடைபாதையில், சைக்கிள்களுக்கு நடுவே. அண்ணன் இன்னும் தள்ளி, தெருவின் மறு முனையில், முகமூடியும் கைக்குட்டையுமாக. அண்ணன் சளிக்குப் புதியவன் என்பதால் ஊரையே கூட்டினான். "டேய், மூக்குல ஒரு பக்கம் அடைச்சு இன்னொரு பக்கம் ஒழுகுதே, இது நியாயமாடா?" என்று போனில் கேட்டான். "வழக்கமா இப்படித்தான்ணே." "இதோடதான் நீ வேலைக்குப் போனியா? இதோட பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தியா?" "ஆமா." அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அப்புறம், "இனிமே சளிப் பட்டறைன்னு சொல்ல மாட்டேன்" என்றான். உடனே தும்மினான்.

அக்காவின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளந்ததில் முதலில் வந்த எண் ஏறியிருந்தது. தும்மல் அன்று சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர்கள் இன்னும் வழி தேடுகிறார்கள், புது ஊர், விளக்கில்லாத தெரு, கேட்டுக் கேட்டுத்தான் போகவேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அடுத்த எண் அங்கேயே நின்றது. "நிக்கறது நல்ல சேதிதான்" என்றார் டாக்டர். அக்காவின் கையில் லேசாகத் தடிப்பு தெரிந்தது, களிம்பில் அடங்கியது.

அதற்கு அடுத்தது வந்த காலையில் தும்மல் நடைபாதையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு பறக்க, போகிற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டு, அந்தக் குள்ள டாக்டர் சாலையைக் கடந்து ஓடிவந்தார். கடைசியில் நிஜமாகவே ஓடிவிட்டார்.

"விழுந்துடுச்சு!" மூச்சு வாங்கியது. "பத்துல ஒரு பங்குகூட இல்ல. விழுந்துடுச்சுங்க! அவங்களோட ரத்தத்துல உங்க ஆளுங்களைப் பாத்தோம். பெருகிட்டாங்க. நீங்க கொடுத்ததைவிடப் பல மடங்கு ஆயிட்டாங்க!"

தேநீர் டம்ளர் எங்கே போனது என்று தும்மலுக்கு இன்றுவரை தெரியாது. தெருமுனையில் நின்ற அண்ணன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பந்தயத்தில் ஜெயித்த மாணவனைப் பார்த்தவன் போல, வாகன இரைச்சலையும் மிஞ்சிக் கத்தினான். கத்தி முடித்ததும் இருமினான்.

"இன்னும் முழுசா போகலை" என்றார் டாக்டர், சட்டென்று டாக்டராகி. "பல படி இருக்கு. ஆனா மருந்தைக் குறைக்கறேன், சிறுநீரகம் மூச்சு விடட்டும். நீங்க மூக்கைக் காட்டுங்க." அவரே குச்சியைக் கோட்டுப் பையில் வைத்திருந்தார். "இது சுத்தம்னா மேல வரலாம். உள்ள இல்ல. கண்ணாடி வரைக்கும்."

இப்படித்தான் தும்மல் முதல் முறையாக அந்த மாடிக்குப் போனான். இரண்டு கதவுகள், நடுவில் காற்றடைத்த சின்ன அறை, அதற்கப்புறம் தாழ்வாரம். தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சுவரில் பழைய மாதிரித் தொலைபேசிக் கருவி ஒன்று தொங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. தலையில் முடியில்லை, கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் அதே கண், ஒரு சத்தத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வரப்போகிறவளின் கண். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தன் முழங்கையைத் தூக்கி அவனுக்குக் காட்டி, அங்கே ஒரு விரலால் தட்டினாள். இங்கேதான் இருக்கிறார்கள் என்பது போல.

அவன் கருவியை எடுத்தான். அவளும் எடுத்தாள்.

"உள்ள எப்படி இருக்காங்க?" என்றான்.

"ஒரே கூச்சல். உன்னை மாதிரியே." குரல் இன்னும் மெலிவுதான், ஆனால் ஈரத்துணி கொஞ்சம் காய்ந்திருந்தது. "அண்ணன் எங்க?"

"தெருமுனையில. அவனுக்கு இன்னும் மூக்கொழுகுது. அழுதானா சளியான்னு அவனுக்கே தெரியலை."

அக்கா சிரித்தாள். இந்த முறை சிரிப்பை எதுவும் வெட்டவில்லை. முடிந்த பிறகும் கருவியை இறக்காமல் காதோடு வைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்திலிருந்து காற்று இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. ஏற்றமில்லாமல், இறக்கமில்லாமல், ஒரே கோடாக.

"கேக்குதா?" என்றாள். "எத்தனையோ நாளா இது ஒண்ணுதாண்டா எனக்குச் சத்தம். மழை பெஞ்சா கேக்காது. கதவு தட்டினாக் கேக்காது. ராஜாவோட குதிரையெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலை. நேத்து கண்ணை மூடிக்கிட்டு எதையாவது ஞாபகப்படுத்திப் பாத்தேன். எனக்கு மொதல்ல வந்தது எது தெரியுமா?"

அவன் நெஞ்சுக்குள், அன்று விழுங்கிய அது, லேசாக அசைந்தது.

அக்கா கருவியைக் காதில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலை உயர்த்திக் காத்திருந்தாள்.

"உனக்கும் எனக்கும் நடுவுல இவ்வளவு தடிமன் கண்ணாடி இருக்குல்ல, யாரும் திட்ட மாட்டாங்க. ஒரே ஒரு தடவை தும்மிக் காட்டேண்டா. மூணு பாகமும்."